சஷ்டிக்கு வந்த மீன் வாடை

முதல் சட்டியை இறக்கி வெள்ளைத் துணியின் முடிச்சை அவிழ்த்ததும் ஐறீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆவியோடு எழுந்து வந்தது மாவின் வாசம் அல்ல. ஐஸ் போடாமல் வெயிலில் விட்ட சூடை மீனின் வாடை.

துணியை எடுத்து முகர்ந்தாள். முந்தின நாள்தான் கொதிநீரில் அலசிக் காயப்போட்டது. சட்டியின் விளிம்பை முகர்ந்தாள். பிறகு வேறொன்றையும் முகராமல், முன்னறையில் பாயில் காலை நீட்டிப் படுத்திருந்த புருஷனிடம் போய் நின்றாள்.

“என் சட்டில மீன் பொரிச்சீங்களா?”

துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து வந்து கண்ணயர்ந்த பிறெடி, கண்ணைத் திறக்காமலே, “என்னா?” என்றான்.

“மா அவிக்கிற சட்டில. நான் பூசைக்குப் போன நேரம்.”

“பொரிச்சிருந்தா ஒனக்கும் ஒரு துண்டு வெச்சிருப்பேனே.”

“பகிடி விடாதீங்க. வந்து மணந்து பாருங்க.”

அவன் எழுந்து வந்து குனிந்து முகர்ந்தான். வந்த தூக்கம் போய்விட்டது. “ஏசுவே! இது பொரிச்ச மீனில்ல ஐறீன். அழுகின மீன்.”

“ஆ, அப்ப மீன்னு ஒத்துக்கிறீங்க.”

“வாடைய ஒத்துக்கிறேன். பொரிச்சத ஒத்துக்கல.”

கொட்டாஞ்சேனையில், அதுவும் மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில், மீன் சட்டி இல்லாத கத்தோலிக்க வீடு ஒன்று உண்டென்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஐறீனின் வீட்டுக்குள் எட்டு வருஷமாக மீன் வரவில்லை. நெத்தலிக் கருவாடுகூட வரவில்லை. அது விரதமும் அல்ல, நேர்த்தியும் அல்ல. தொழில்.

வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து வீடுகளில் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் பச்சைக் கோதுமை மா உதவாது. துணியில் கட்டி ஆவியில் அவித்து, கட்டிபட்டதை உடைத்து, சூடு ஆறுமுன் அரித்து எடுத்த மாதான் வேண்டும். அடுக்குமாடி வீட்டில், புருஷனும் பெண்சாதியும் வேலைக்குப் போகிற அவசரத்தில், இதற்கு யாருக்கு நேரம்? அந்த நேரத்தைப் பைக்கற்றில் அடைத்து விற்றவர் சிவானந்தன். காலி வீதியிலிருந்து கடலுக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில் அவருடைய கடை. பைக்கற்றில் குத்துவிளக்குப் படம்; கீழே, ‘சைவ முறைப்படி வீட்டில் தயாரித்தது’.

அந்த வீடு ஐறீனுடைய வீடு.

“நீங்கள் உங்கட கோயிலுக்குப் போங்கோ, எனக்கு ஒண்டுமில்லை,” என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். “வீட்டுக்குள்ளை மட்டும் மீன், இறைச்சி எண்டு மச்சம் வேண்டாம்.” ஐறீன் சம்மதித்தாள். சொன்ன சொல்லை மீறவும் இல்லை. பிறெடி ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்துவாரத்துத் தங்கச்சி வீட்டுக்குப் போய் மீன் தின்றுவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டுதான் வாசலை மிதிப்பான். பாலன் பிறக்கும் நத்தார்ச் சாப்பாடும் அங்கேதான். மா அவிப்பது யார் என்று வாடிக்கையாளர் கேட்டால் சிவானந்தனிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது: “எங்கட ஆக்கள்தான். புருசன் இல்லாத மனுசி, பாவம், சுத்தமாச் செய்வா.” இதை ஒருநாள் காதால் கேட்டு வந்த ஐறீன் வீட்டில் சொல்ல, பிறெடி விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு முகத்துவாரம் போகும் ஒவ்வொரு ஞாயிறும், “நான் வெள்ளவத்தைல செத்தவன், எனக்கு எந்த மீனும் தின்னலாம்,” என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுவான்.

அந்த மனுஷனைத்தான் இப்போது அவள் நம்பவில்லை. சட்டிகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்தாள். துணிகளைப் புதிதாகக் கிழித்தாள். மறுபடி அவித்தபோது வாடை குறைந்தது போலிருந்தது. மூக்குப் பழகிவிட்டது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அது புது மா வேறு. சீனி வருத்தம், நீரிழிவு உள்ளவர்களுக்கென்று சிவானந்தன் அந்த மாதம்தான் முழுக்கோதுமை மா தொடங்கியிருந்தார். தவிட்டு நிறம், தவிட்டு மணம். கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றி, பைக்கற் கட்டி அனுப்பிவிட்டாள்.

கந்தசஷ்டி தொடங்கிய கையோடு தொலைபேசி வந்தது. “உடன வாங்கோ,” என்றார் சிவானந்தன். சுகம் விசாரிக்கவில்லை.

கடையில் மாப் பைக்கற்றுகள் திரும்பி வந்து கல்லாப்பெட்டிக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. சில உடைத்தவை. சிவானந்தன் அவளைச் சாக்குகள் அடுக்கிய பின்னறைக்குக் கூட்டிப்போனார்.

“என்ன ஐறீன் செய்து வைச்சிருக்கிறியள்? நேசமலர் ரீச்சர் வீட்டில பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, கோயிலால வந்து, ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் பிட்டு அவிச்சவை. வீடு முழுக்க மீன் மணமாம். மனுசி பானையோட கொண்டுபோய்க் கொட்டினதாம். விரதகாரர் அவ்வளவு பேருக்கும் போன்ல போட்டிட்டா. காலமை தொடக்கம் பைக்கற் திரும்பி வருது.”

“அண்ணே, மாதா மேல சத்தியமா வீட்டுக்குள்ள மீன் வரல.”

“மாதாவை இஞ்ச கூப்பிடாதேங்கோ, கடையில ஆக்கள் நிக்கினம்.” குரலைத் தாழ்த்தினார். “நான் நம்புறன். எட்டு வருசமாப் பாக்கிறன். ஒருநாள் ஒரு பிழை வந்திருக்கும், வீட்டில ஆம்பிளை இருக்கிறார்—”

“அவர் செய்யல,” என்றாள் ஐறீன். சொன்ன பிறகுதான், இத்தனை நாளும் வீட்டில் அதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

“சரி, விடுங்கோ. நான் எல்லாம் வடிவாக் கதைச்சு முடிச்சிட்டன். மா அவிக்கிற மனுசி சட்டியில பிழை விட்டிட்டா, ஆளை நிப்பாட்டியாச்சு, இனிப் புது ஆள் எண்டு சொல்லிப்போட்டன். புதுப் பைக்கற்றும் அடிக்கக் குடுத்தாச்சு.”

“அப்ப எனக்கு வேல இல்லயா?”

“ஆர் சொன்னது? புது ஆளும் நீங்கள்தான்.”

அவள் விளங்காமல் பார்த்தாள்.

“அவைக்கு ஆளைத் தெரியாதுதானே. பைக்கற் மாறினா ஆள் மாறினமாதிரி. நீங்கள் உங்கட பாட்டுக்கு அவியுங்கோ.”

“அப்போ மீன் சட்டில மா அவிச்ச பொம்பள யாரு?”

“அவ போயிட்டா.”

“அது நான்தானே அண்ணே.”

சிவானந்தன் பொறுமையாகச் சிரித்தார். குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவரின் சிரிப்பு. “பேர் தெரியாத ஆளுக்கு என்ன மானம், தங்கச்சி?”

திரும்பி வந்த பஸ்ஸில் கூட்டம். கொண்டக்டர் “இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன” என்று முன்னால் போகச் சொல்லி, முதுகைப் பிடித்துத் தள்ளாத குறையாகத் தள்ளிக்கொண்டிருந்தான். ஐறீன் கம்பியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே வந்தாள். வேலை போகவில்லை. அதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வெள்ளவத்தையில் எத்தனையோ சமையலறைகளில் அவளுடைய சட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அவர்களுக்கு மா அவிக்க வேண்டும். இது என்ன பிழைப்பு?

வீட்டுக்கு வந்ததும் கட்டுப் பிரிக்காத மாச் சாக்கு ஒன்றை உடைத்தாள். சட்டியை எடுக்கவில்லை. துணியையும் எடுக்கவில்லை. தேநீர் குடிக்கிற கோப்பையில் ஒரு பிடி மாவைப் போட்டு, கேத்தலில் கொதித்த தண்ணீரை ஊற்றினாள்.

குனியவே தேவையிருக்கவில்லை. மீன்.

பிறெடி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். கோப்பையைக் கொண்டுபோய் அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் முகர்ந்தான், கோப்பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“அப்ப நான் உயிரோட இருக்கலாமா?” என்றான்.

ஸாலிஹின் மில் இரண்டு ஒழுங்கை தள்ளி. சிவானந்தனின் கோதுமையை அரைப்பது அங்கேதான். ஒரு பக்கம் மா அரைக்கும் இயந்திரம், மறுபக்கம் மிளகாய். வாசலுக்குப் போகுமுன்னே தும்மல் வந்துவிடும்.

“வாடையா? எனக்கிட்ட கேக்கிறியே புள்ள!” ஸாலிஹ் பனியனில் கையைத் துடைத்தார். “மொளகா அரைக்கிறவனுக்கு ஏது மூக்கு? அல்லாஹ் அத எப்பவோ திருப்பி எடுத்துக்கிட்டான்.”

“மில்ல யாராச்சும் கருவாட்டுத்தூள் அரைச்சாங்களா நானா?”

“அடப் பாவி! மா மெஷின்ல கருவாடா? என்ன தொழில உட்டுத் தொரத்தப் பாக்கிறியா?”

“அப்ப கோதுமயக் காட்டுங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே மூலையிலிருந்த சாக்கிலிருந்து ஒரு சுளகு நிறைய அள்ளி வெளிச்சத்தில் வைத்தார். பார்வைக்கு நல்ல கோதுமை. ஐறீன் அரிசி பொறுக்குவது போலப் பரப்பினாள். பொன்னிற மணிகளுக்கு நடுவே இடைக்கிடை வேறு மாதிரிச் சில மணிகள்: கட்டையாக, உப்பலாக, சாம்பல் கலந்த மண்ணிறத்தில். தூக்கினால் பாரமில்லை. ஒன்றை நகத்தால் அழுத்தினாள். கோதுமை அப்படி உடையாது. பல்லுக்கே வேலை கொடுக்கும். இது சட்டென்று நொருங்கியது. உள்ளே மாவில்லை. கண் மையைப் போல, எண்ணெய்ப் பிசுக்கோடு, கறுப்புப் பொடி.

இன்னும் நாலைந்தைப் பொறுக்கிச் சேர்த்து நசித்தாள். வாடை சுளகிலிருந்து எழுந்தது.

ஸாலிஹ் ஓரடி பின்னால் போனார். “யா அல்லாஹ். இது எனக்கே மணக்குதே!”

பழைய ஜாம் போத்தல் ஒன்றில் அந்தக் கறுப்பு மணிகளை நிறைத்துக்கொண்டு ஐறீன் மறுபடி வெள்ளவத்தைக்குப் போனாள். அன்றைக்குக் கடையில் சிவானந்தனின் மகள் யதுஷாவும் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டு, உரம் விற்கும் கம்பனி ஒன்றில் வேலை. போத்தலைத் திறந்ததும் அவள் முகம் சுளிக்கவில்லை, மலர்ந்தது.

“அப்பா! இதை நான் படத்திலதான் பாத்தனான். கரிப்பூட்டை!”

“என்ன பூட்டை?”

“கோதுமைக்கு வாற பங்கசு நோய். கரிப்பூட்டையில கனக்க வகை இருக்கு. ஒண்டு கதிரிலையே கரித்தூளாப் பறந்து போகும், வயல்லையே பிடிபட்டிடும். இது நாற்றக் கரிப்பூட்டை. மணியின்ர தோலை அப்பிடியே விட்டிட்டு, உள்ளுக்கை இருக்கிறதை எல்லாம் திண்டு, தன்ர வித்தை நிரப்பி வைச்சிருக்கும். வெளியில பாத்தா மணி. அரைக்கேக்கைதான் வெடிக்கும்.” ஐறீன் பக்கம் திரும்பினாள். “மீன் பழுதாகேக்கை ஒரு கெமிக்கல் வருமே அன்ரி, இதிலையும் அதேதான் வாறது. அதுதான் அந்த மணம். வெள்ளை மாவெண்டா நிறத்திலையே பிடிச்சிருப்பம். தவிட்டு மாவில கறுப்புத் தெரியாது.”

“அப்ப சட்டில மீன் இல்ல?”

“இல்லவே இல்லை. இஞ்ச நாங்கள் ஒருத்தரும் கோதுமை விதைக்கிறேல்லைத்தானே, அதால இந்த மணத்தை ஆருக்கும் தெரியாது. மீன்தான் தெரியும்.”

ஐறீன் ஒரு மாச்சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “இதச் சொல்லிடுங்க அண்ணே. நேசமலர் ரீச்சருக்குச் சொல்லிடுங்க.”

“இறக்குமதிச் சாமான், குவாரன்ரைன் கந்தோருக்கும் அறிவிக்க வேணும் அப்பா,” என்றாள் யதுஷா.

சிவானந்தன் போத்தலின் மூடியை எடுத்து இறுகப் பூட்டினார்.

“அறிவிச்சு? வந்து சாக்கு முழுக்கச் சீல் வைப்பினம். எனக்குக் கோதுமை தந்தவன் பிறகு என்ர முகத்தில முழிப்பானோ? சிவானந்தன் நோய் பிடிச்ச மா வித்தவன் எண்டு தெஹிவளை வரைக்கும் கதை போகும். சாப்பிட்டவைக்கு வயித்தில குத்தினாலும் என்ர மாதான், தலை இடிச்சாலும் என்ர மாதான்.”

“சாப்பிட்டா நஞ்செண்டு இல்லை அப்பா, ஆனா—”

“அதை ஆர் கேக்கப்போகினம்? மீன் எண்டால் ஒரு சட்டியோட போகும் பிள்ளை. நோய் எண்டால் கடையோட போகும்.”

யதுஷா தகப்பனைப் பார்த்தாள், ஐறீனைப் பார்த்தாள், பிறகு கைத்தொலைபேசியைப் பார்த்தாள். “இஞ்ச விதைப்பு இல்லைத்தானே... பரவவும் மாட்டுது...” என்றாள். தொடக்கத்தில் இருந்த குரல் அதில் இல்லை.

“அந்தச் சட்டி என்னோடது,” என்றாள் ஐறீன்.

“உங்கட வேலைக்கு ஒண்டும் வராது எண்டு நான் சொல்லிப்போட்டனே. பிறகு என்ன?”

ஐறீன் போத்தலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒழுங்கை முனை வரைக்கும் வந்திருப்பாள். பின்னால் யதுஷா ஓடிவந்து நேசமலர் ரீச்சரின் அடுக்குமாடியையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னாள். மூச்சு வாங்கியது.

“நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ அன்ரி,” என்றுவிட்டுத் திரும்பி ஓடினாள்.

நேசமலர் வீட்டில் சாம்பிராணி மணந்தது. ஜன்னலுக்கு வெளியே கரையோர ரயில் போகிற சத்தம். அதற்கு அப்பால் கடல். நேசமலருக்கு எழுபது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, விரதத்தால் உலர்ந்த உதடு. யாரென்று ஐறீன் சொன்னதும் ஒரு கணம் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு விலகி வழிவிட்டார்.

“வாங்கோ. இருங்கோ. வெய்யிலுக்குள்ளால வந்திருக்கிறியள்.”

ஐறீன் உட்காராமலே போத்தலைத் திறந்தாள். வரும்வழியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் குழம்பிவிட்டது. கரிப்பூட்டை என்ற பெயர் வந்தது, கெமிக்கல் வந்தது, வேறெதுவும் ஒழுங்காக வரவில்லை. கடைசியில் ஒரு மணியை எடுத்து ரீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள். “நீங்களே நசிச்சுப் பாருங்க.”

நேசமலர் நசித்தார். முகர்ந்தார். கையை நீளமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, கறுப்பைப் பார்த்தார். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

“நான் பெரிய பாவம் செய்துபோட்டன்,” என்றார். “காலம் முழுக்கப் பிள்ளையளுக்கு, விசாரிக்காமல் கோள் சொல்லாதேங்கோ எண்டு படிப்பிச்சனான். ஆளைப் பாக்காமல், ஒரு சொல் கேக்காமல், நான் அதையே செய்திருக்கிறன்.”

“பரவால்ல ரீச்சர். நீங்க நம்பினாப் போதும்.”

“அதெப்பிடிப் போதும்? எல்லாருக்கும் சொன்ன வாய், எல்லாருக்கும் முன்னாலதான் திருப்பியும் சொல்ல வேணும்.” மேசையிலிருந்த கைத்தொலைபேசியை எடுத்து, விரதகாரர்களின் வாட்ஸப் குழுவைத் திறந்து, ஒலிவாங்கிப் படத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வகுப்பறைக் குரலில் தொடங்கினார்:

“எல்லாருக்கும் வணக்கம், நேசமலர் கதைக்கிறன். மாவில மீன் மணந்தது சட்டியால இல்லை. அது கோதுமையில வந்த ஒரு வருத்தம். என்ர கண்ணால பாத்திட்டன். அந்தச் சட்டியில மச்சம் படேல்லை. நான் ஆளைத் தெரியாமல் பழி சொல்லிப்போட்டன். மாவை அவிச்ச அம்மா இப்ப எனக்கு முன்னால நிக்கிறா. எங்கள் எல்லாரின்ர சார்பிலையும் அவவிட்டை மன்னிப்புக் கேக்கிறன். பேரைச் சொல்லித்தான் கேக்க வேணும். அம்மா, உங்கட பேரைச் சொல்லுங்கோ.”

தொலைபேசி ஐறீனின் முகத்துக்கு நேரே வந்தது.

எந்தப் பெயரையும் சொல்லியிருக்கலாம். பரமேஸ்வரி என்றிருக்கலாம், சிவகாமி என்றிருக்கலாம். ஒரு வாய் அசைவு. சங்கிலியும் சிலுவையும் சட்டைக்குள் இருந்தன. ஆனால் சிவகாமி என்றால் மன்னிப்பு சிவகாமிக்குப் போய்விடும். எட்டு வருஷம் துணி அலசியது சிவகாமி அல்ல. புருஷனை முகத்துவாரத்துக்கு அனுப்பியதும் சிவகாமி அல்ல.

“ஐறீன்,” என்றாள். “ஐறீன் சவுந்தரநாயகம்.”

நேசமலரின் விரல் தளர்ந்தது. விரலை எடுத்தால் செய்தி போய்விடும் என்பது அவருக்கு மறந்துவிட்டது. ஸ்விக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

இருவரும் தொலைபேசியைப் பார்த்தார்கள்.

“வேதமோ?” என்று மெதுவாகக் கேட்டார் நேசமலர்.

“ஓம், ரீச்சர். கத்தோலிக்கம்.”

“சிவானந்தன் எங்கட மனுசி எண்டல்லோ சொன்னவன்.”

“வீட்டுக்குள்ள மீன் வாறதில்ல. எட்டு வருஷமா வாறதில்ல. இப்ப நீங்களே சொன்னீங்களே.”

“சொன்னனான். அதில மாத்தம் இல்லை.” நேசமலர் தலையை அசைத்தார். “உங்களில ஒரு பிழையும் இல்லை, அம்மா. அந்தோனியார் கோயிலுக்கு நானும் மெழுகுதிரி கொளுத்தினனான். என்ர மகன் லண்டனில வெள்ளைக்காரியைத்தான் கட்டினவன், அவளும் வந்து இந்த வீட்டிலதான் சமைச்சவள்.”

“அப்போ இனியும் என் மாவ எடுப்பீங்கதானே?”

தொலைபேசி மேசையில் அதிரத் தொடங்கியது. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு விடாமல். நேசமலர் அதைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்தார்.

“சஷ்டி விரதம் அம்மா,” என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையான வருத்தம்தான் இருந்தது. “அது வேற கதை.”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் ஐறீன். லிஃப்ட் வரும்வரை வாசலில் நின்று வழியனுப்பினார்.

கீழே தெருவுக்கு வரும்போதே சிவானந்தன் அழைத்தார்.

“உங்களை ஆர் பேர் சொல்லச் சொன்னது?”

“அவங்க கேட்டாங்க அண்ணே.”

“கேட்டா? நான் எட்டு வருசம் ஆருக்கும் சொல்லாமல் வைச்சிருந்த பேரை, நீங்கள் குரலோட குடுத்திருக்கிறியள்! நேசமலர் ரீச்சர் என்னைப் பொய்யன் எண்டுறா. விரதத்தை முறிச்சவன் எண்டு ஒருத்தன் எழுதுறான். போன சஷ்டி, அதுக்கு முதல் சஷ்டி எல்லாம் எண்ணிக் கணக்குப் பாக்கினம்.”

“கோதும நோயின்னு நம்பிட்டாங்கதானே? சட்டில மீன் இல்லன்னு?”

“நம்பிட்டினம். ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. கோதுமையைப் பற்றி ஒருத்தரும் கேக்கவே இல்லை.” மூச்சை இழுத்து விட்டார். “கோதுமை எண்டால் மாத்தலாம் ஐறீன். நாளைக்கே வேற சாக்கு இறக்கலாம். உங்களை என்னெண்டு மாத்திறது?”

கடல் காற்றில் தொலைபேசி இரைந்தது. அவர் வைத்துவிட்டாரா இல்லையா என்று தெரியாமலே அவள் பஸ் தரிப்பிடம் வரை காதில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் பின்னேரம் சிவானந்தனின் கடைக்கு ஓடுகிற த்ரீவீல்காரர் தயாபரன் வந்தார். மாச் சாக்குகளை எடுத்துவரச் சொன்னாராம். கட்டுப் பிரிக்காதது, பிரித்தது, பாதி அவித்து அரித்தது எல்லாவற்றையும் பின்னிருக்கையில் அடுக்கினார்.

“நோய் மா, இத எங்க கொண்டு போறீங்க?” என்று கேட்டாள் ஐறீன்.

“ஆரோ ரொட்டிக் கடைக்காரர் கேட்டவராம் அக்கா. உள்ளி, மிளகாய் போட்டுச் சுட்டால் மணம் தெரியாதாம்.”

அவள் உள்ளே போய்ச் சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, அரிதட்டுகளையும் சேர்த்து வாசலில் கொண்டுவந்து வைத்தாள். “அண்ணே வாங்கித் தந்ததுதான். அவர்ட சாமான் அவருக்கு.”

தயாபரன் தலையைச் சொறிந்தார். சட்டிகளைப் பார்க்காமல், வண்டியின் முன் சில்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பாத்திரம் வேண்டாமாம் அக்கா. அது உங்களோடயே இருக்கட்டுமாம்.”

த்ரீவீல் ஒழுங்கையைத் தாண்டி மறைந்தது. சட்டிகள் வாசலில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. பிறெடி உள்ளேயிருந்து வந்து, மேலே இருந்த சட்டியைத் தூக்கி, தலையை உள்ளே விடாத குறையாக முகர்ந்தான்.

“ஒண்ணும் மணக்கல ஐறீன்,” என்றான்.

“தெரியும்,” என்றாள் அவள்.